ஸ்கெட்ச்புக் ஒட்டுநோட்டாகிவிட்டது, ஆறு வாரம்தான் இருக்கிறது (தலைப்பு: தமிழ் எழுத்து)

மைக்கறை:
வணக்கம். மதுரையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் கிராஃபிக் டிசைனுக்கு ஒரு ஸ்கெட்ச்புக் ப்ராஜெக்ட். ஏ4 அளவு, குறைந்தது 40 பக்கம். ஆய்வும் வரைதலும் ஒன்றையொன்று பிடித்து வளர்ந்து, கடைசியில் ஏதாவது ஒரு டிசைனில் போய் நிற்க வேண்டும். தலைப்பு நம் விருப்பம். நான் எடுத்தது 'தமிழ் எழுத்து'.

முதல் ரிவ்யூவுக்கு 16 பக்கம் கொண்டுபோனேன். பின்ட்ரெஸ்ட்டில் எடுத்த படங்களைக் கலர் பிரின்ட் போட்டு, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டி, பக்கத்தில் மூன்று கலர் பேனாவில் குறிப்பு எழுதியிருந்தேன். கல்வெட்டு, ஓலைச்சுவடி, சினிமா போஸ்டர், ஃபான்ட் எல்லாம் இருந்தது. மேடம் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "இதில் நீ வரைந்தது எது?" என்று கேட்டார்கள். இரண்டே பக்கம். அதுவும் போனைப் பார்த்து வரைந்தது. "இது ஒட்டுநோட்டும்மா, ஸ்கெட்ச்புக் இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் வலிக்கிறது. என்ன தப்பு என்று புரிகிறது, எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கோடும்புள்ளியும்:
நான் பதினோரு வருஷமாக இதே பாடம் நடத்துகிறேன், வேறு ஊரில். உன் 16 பக்கமும் வீண் இல்லை, ஆனால் அது இன்னும் தொடங்கவே இல்லை. 'தமிழ் எழுத்து' என்று எடுத்தால் கல்வெட்டிலிருந்து கைபேசி வரை எல்லாம் அதில் அடங்கிவிடும். எல்லாம் அடங்குகிற தலைப்பில் எதையும் உற்றுப்பார்க்க முடியாது, அதனால்தான் வெட்டி ஒட்டத் தோன்றுகிறது.

நீ மதுரையில் இருக்கிறாய். நாளை காலை கடை திறப்பதற்கு முன்னால் ஒரு தெருவுக்குப் போ. கையால் எழுதிய பழைய கடைப் பலகை ஒன்று, ஒன்றே ஒன்று, தேர்ந்தெடு. எதிர்ப்பக்கம் நின்று 40 நிமிஷம் வரை. போட்டோ வேண்டாம் என்று சொல்லவில்லை, வரைந்து முடித்த பிறகு எடு. முதலில் போட்டோ எடுத்துவிட்டால் 'நம்மிடம்தான் இருக்கிறதே' என்று கண் சோம்பிவிடும். வரையும்போது ஒவ்வொரு சுழியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும், அங்கேதான் கேள்வி பிறக்கும். என் படிப்புக் காலத்தில் ஒரு பலகையில் 'ஸ்டோர்ஸ்' என்ற சொல்லை வரையும்போதுதான், இரண்டு ஸ்-ஐயும் பெயின்டர் வேறு வேறு அகலத்தில் எழுதியிருக்கிறார், கடைசி ஸ்-க்கு இடம் போதாமல் நெருக்கியிருக்கிறார் என்பதைக் கண்டேன். தினமும் அந்தப் பலகைக்குக் கீழே பஸ் ஏறினவள் நான்.

அழிரப்பரை வீட்டில் வைத்துவிட்டுப் போ. தப்பாகப் போட்ட கோடு இருக்கட்டும், பக்கத்திலேயே சரியானதைப் போடு. தேதி, இடம், நேரம் எழுது.

டேப்லெட்கை:
எதற்கு இவ்வளவு சுற்று? போட்டோ எடுத்து டேப்லெட்டில் போட்டு மேலே வரைந்தால் ஒரு நாளில் பத்துப் பலகை முடிந்துவிடும். வேலைக்குப் போகும்போது யாரும் தெருவில் நிறுத்தி வரையச் சொல்லப் போவதில்லை. நான் ஏஜென்சியில் இருக்கிறேன், சொல்கிறேன்.

எழுத்தாணி:
@டேப்லெட்கை, நானும் எழுத்துரு வடிவமைக்கிற வேலையில்தான் இருக்கிறேன், நாள் முழுக்கத் திரைதான். ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். படத்தின் மேல் கோடு ஓட்டும்போது ஓரத்தைத்தான் பின்பற்றுகிறோம், எழுத்து எப்படி எழுதப்பட்டது என்பதை இல்லை. எழுத்துக்கு ஓரம் பிற்பாடு வருவது, முதலில் கை போன பாதை. தட்டைப் பிரஷ்ஷின் எந்தப் பக்கம் எங்கே திரும்பியது என்று தெரியாமல் ஓரத்தை மட்டும் நகல் எடுத்தால், எங்கே தடிமன் கூடும் எங்கே மெலியும் என்பது மனப்பாடம் ஆகுமே தவிரப் புரியாது. அடுத்த எழுத்தை அதே கையில் எழுதச் சொன்னால் நின்றுவிடுவோம்.

டிரேசிங்கே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் பார்த்து வரைந்துவிட்டு, அப்புறம் போட்டோவின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அது அருமையான பக்கம். நம் கண் எங்கே ஏமாந்தது என்று அப்பட்டமாகத் தெரியும். எனக்கு எப்போதும் 'ழ'-வின் வால் நிஜத்தில் இருப்பதைவிட நீளமாக வரும்.

மைக்கறை:
போய் வந்தேன்! கீழமாசி வீதி, காலை 6.50. மளிகை மண்டி ஒன்று. தகரப் பலகை, பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். 40 நிமிஷம் என்று போனவள் ஒன்றேகால் மணி நேரம் நின்றுவிட்டேன். நடுவில் மண்டி முதலாளி வந்து, "எதற்கும்மா அளவு எடுக்கிறாய், மாநகராட்சியா?" என்று கேட்டார். நோட்டைக் காட்டியதும் உள்ளே போய் முக்காலி கொண்டுவந்து போட்டார்.

இப்போது கேள்வி. பலகையின் உச்சியில் சின்னதாக 'முருகன் துணை' என்று இருக்கிறது. அந்த ணை நாம் எழுதுகிற மாதிரி இல்லை. முன்னால் தனியாக நிற்கும் ை கிடையாது. ண-வின் முன்பக்கத்திலிருந்தே ஒரு வளைவு மேலே எழும்பித் துதிக்கை மாதிரி சுருண்டிருக்கிறது. வாசிக்க முடிகிறது, எழுத வரவில்லை. ஆறு தடவை வரைந்தேன், ஆறும் வேறு வேறு மாதிரி வந்தது. கீழே 'தொலைபேசி' என்ற சொல்லில் லை-யும் அப்படியே. தெருவில் அப்புறம் பார்த்தால் இன்னும் இரண்டு கடையில் இருக்கிறது. இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை?

எழுத்தாணி:
உன் ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டது, அதை விடாதே.

நீ பார்த்தது சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, அப்புறம் ணை, லை, ளை, னை. முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் தனியான கால் கிடையாது. எழுத்தின் வாலே கீழே இறங்கிச் சுழிக்கும். ஒகர ஓகார வரிசையில் வருவதும் அதே சுழிதான். ஐகாரத்தில் இந்த நாலுக்கும் மட்டும் துதிக்கை. கை, தை, மை எல்லாம் அப்போதும் இன்றுபோலத்தான். இந்த மாற்றத்தைப் பெரியார் 1935-லேயே 'குடியரசு' இதழில் நடைமுறைப்படுத்திவிட்டார். ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னதை அரசு ஏற்கவில்லை.

வடிவமைப்பாளராகப் பார்த்தால் இதற்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. ஈயத்தில் அச்சுக் கோக்கிற காலத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஏழுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். புது முறையில் ண இருந்தால் போதும், கால் பொதுவானது. தட்டச்சுக்கும் அது வசதி. ஆனால் வடிவம் என்று பார்த்தால், பழைய லை ஒரே மூச்சில் எழுதுகிற எழுத்து, புதிய லை இரண்டு துண்டு. பலகையில் அது பிடிக்கிற அகலம் எவ்வளவு கூடுகிறது என்று அளந்து பார்.

இன்னொன்று. யூனிகோடில் பழைய லை-க்குத் தனி இடம் கிடையாது. குறியீடு ஒன்றேதான், எழுத்துருதான் எந்த வடிவத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்கும். அதாவது நாளைக்கே நீ ஒரு எழுத்துரு செய்து அதில் பழைய வடிவத்தைப் போட்டால், இந்த இழை முழுக்கத் துதிக்கையோடு தெரியும்.

மைக்கறை:
அப்படியானால் பழைய ணை இருந்தால் பலகை 1978-க்கு முந்தியது, இல்லாவிட்டால் பிந்தியது. இதை வைத்து ஒரு காலவரிசைப் பக்கம் போடலாமா?

பெயின்டர்மகன்:
தங்கச்சி, அவசரப்படாதே. எங்கப்பா திண்டுக்கல்லில் போர்டு எழுதினவர். 1965-இல் தொழிலுக்கு வந்தார், 2006 வரைக்கும் எழுதினார். பழைய லை-தான் அவர் கைக்குப் பழக்கம். எண்பதுகளில்கூடச் சொந்தமாக எழுதும்போது அதுதான் வரும். ஆபீஸ் போர்டு, பள்ளிக்கூடச் சுவர் என்றால் புதுசு போடுவார், ஏனென்றால் அங்கே யாராவது திருத்துவார்கள். கோயில், மண்டி, சைக்கிள் கடை என்றால் பழசு. வாடிக்கையாளர்களே 'முன்னாடி இருந்த மாதிரியே எழுதுங்க' என்பார்கள். அதனால் எழுத்தை மட்டும் பார்த்து வருஷம் சொல்லாதே.

பலகையில் வேறு தடயம் தேடு. முகவரி 'மதுரை-1' என்றிருக்கிறதா, ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா? பின்கோடு வந்தது 1972-இல். போன் நம்பர் எத்தனை இலக்கம்? ஓரத்தில் எழுதினவர் பெயர் இருக்கிறதா? நாங்கள் கீழே வலது மூலையில் '... ஆர்ட்ஸ்' என்று ஒன்றரை அங்குலத்தில் போடுவோம். இருந்தால் அந்த ஆளைத் தேடிப் போ. உயிரோடு இருந்தால் உனக்கு அதைவிடப் பெரிய நூலகம் கிடையாது.

எப்படி எழுதுவோம் என்றும் சொல்கிறேன், உன் படத்தில் பக்கத்தில் குறித்துக்கொள். முதலில் தகரத்துக்கு இரண்டு கோட் பின்னணி. காய்ந்ததும் நூலில் சாக்பீஸ் பொடி தடவி இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டுவோம், மேல்கோடு கீழ்கோடு விழும். சாக்பீஸால் எழுத்தைத் தோராயமாகப் போட்டு, பத்தடி தள்ளி நின்று பார்ப்போம். அப்பா இந்தப் பத்தடிக்குத்தான் அதிக நேரம் எடுப்பார். அப்புறம் எனாமல், தட்டைப் பிரஷ். இடது கையில் ஒரு குச்சி, அதன் முனையில் துணி சுற்றியிருக்கும், அதைப் பலகையில் ஊன்றி வலது மணிக்கட்டை அதன் மேல் வைத்து இழுப்போம். நிழல் கடைசியில். மூன்றுசுழி ண-தான் எல்லாருக்கும் பயம், பிரஷ் கொஞ்சம் தடித்தாலும் சுழிக்குள் ஓட்டை அடைந்துவிடும். அதனால் அகலமாக எழுதுவோம், அந்த அகலத்தை ர, ா மாதிரி ஒல்லி எழுத்தில் பிடித்துக்கொள்வோம்.

இப்போது நான் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பாவின் பிரஷ்ஷெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஒன்றையும் தொலைக்கவில்லை.

கோடும்புள்ளியும்:
@பெயின்டர்மகன் எழுதியதை அப்படியே உன் நோட்டில் காப்பி எடுக்காதே, செய்து பார். வீட்டுச் சுவர் வேண்டாம், பழைய காலண்டர் அட்டை போதும். நூலில் பொடி தடவிச் சுண்டு, ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ்ஷில் போஸ்டர் கலர் எடுத்து 'துணை' எழுது. எத்தனை இழுப்பு, எந்த வரிசை என்று ஒவ்வொரு இழுப்புக்கும் எண் போடு. அந்தக் காலண்டர் அட்டையை மடித்து ஸ்கெட்ச்புக்கில் ஒட்டலாம். இது ஒட்டுநோட்டு ஆகாது, ஏனென்றால் ஒட்டியிருப்பது உன் கை.

நெல்பேட்டைக்காரன்:
நான் உள்ளூர். பலகை பார்க்கிறவர்கள் இதையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி உண்டு. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்பார்கள். டிசைன் படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி. அதே பெயரை 5:3:2-இல் அமைத்துப் பார்த்தால், தமிழ்ச் சொல் நீளமாக ஓடுவதால் எழுத்தை எவ்வளவு ஒடுக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும். மேலே கி, கீ-யின் விசிறி, கீழே து, ழ எல்லாம் இறங்கும், அதனால் இரண்டு வரி வந்தால் நடுவில் ஆங்கிலத்தைவிட அதிக இடம் விட வேண்டும்.

மைக்கறை:
பத்து நாள் கழித்து வருகிறேன். இப்போது 19 பக்கம், எல்லாம் புதுசு. 9 பலகை நேரில் வரைந்தது, காலண்டர் அட்டை 3, இழுப்பு வரிசை 2 பக்கம். லை-க்கு எனக்கு நாலு இழுப்பு ஆகிறது. பெயின்டர்மகன் அண்ணா, உங்கள் அப்பாவுக்கு எத்தனை?

ஆனால் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். ஒன்பது பலகையில் ஒன்றில்கூட வருஷம் இல்லை. ஓரத்தில் பெயர் இருந்தது இரண்டில், ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவரைத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. எப்போது எழுதியது என்று தெரியாமல் எத்தனை வரைந்தாலும் வெறும் அழகு பார்ப்பது மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பெயின்டர்மகன்:
அப்பா மூன்றில் முடிப்பார். துதிக்கையும் ல-வின் முதல் சுழியும் ஒரே இழுப்பு, நடுவில் பிரஷ்ஷை எடுக்க மாட்டார். நீ மேலிருந்து தொடங்குகிறாயா? உள்ளிருந்து தொடங்கிப் பார்.

வெண்கலக்குடம்:
நான் டிசைன் படிச்சவள் இல்லைம்மா, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. மகள் இந்த இழையை அனுப்பினாள், முழுக்க வாசித்தேன். உனக்கு வருஷத்தோடு எழுத்து வேண்டுமென்றால் தெருவில் ஏன் தேடுகிறாய்? உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார். கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்களே. தாம்பாளம், குடம், சம்படம், தூக்குவாளி. யார் கொடுத்தது, யாருக்கு, எந்தத் தேதி, எல்லாம் இருக்கும். பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து சின்ன உளியும் சுத்தியுமாகத் தட்டித் தட்டி வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் 1958-இலிருந்து இருக்கிறது.

கோடும்புள்ளியும்:
அம்மா, இத்தனை வருஷம் மாணவர்களுக்கு நான் சொல்லியே கொடுக்காத விஷயம் இது. நன்றி.

மைக்கறை, பாத்திரத்தை வெறுமனே வரைவதோடு நிறுத்தாதே, படியெடு. மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்து, நகராமல் டேப் போட்டு, 6பி பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய். வெட்டின இடம் வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். கல்வெட்டுத் துறையில் கல்லின் மேல் தாளை ஒற்றி, மை தடவி மைப்படி எடுக்கிறார்களே, அதே தத்துவம். தாம்பாளம் தட்டை, சுலபம். குடத்தின் கழுத்தில் தாள் சுருங்கும், அதனால் இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி எடு. (கோயில் கல்வெட்டில் இதைச் செய்து பார்க்காதே, அனுமதி வேண்டும், மையும் கல்லைக் கெடுக்கும்.)

மைக்கறை:
எனக்கு எழுதக்கூட வரவில்லை. ஆச்சியின் பரணில் மூன்று சாக்கு.

தாத்தாவின் தாம்பாளம், பித்தளை: 'மு. அண்ணாமலை 4-6-62'. ணா, லை இரண்டும் பழையது! சின்ன அத்தையின் குடம், எவர்சில்வர்: 'கலைச்செல்வி திருமணம்', தேதி 9-9-84. சீர்திருத்தம் வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது, லை இன்னும் துதிக்கையோடு. பெயின்டர்மகன் அண்ணா சொன்னது கண்ணுக்கு முன்னால். அப்புறம் ஒரு டிபன் கேரியர், 1991, அதிலும் கலைச்செல்வி, இந்தத் தடவை புது லை. மூன்று லை-யையும் படியெடுத்து ஒரே பக்கத்தில் ஒட்டி, கீழே நாலு மடங்கு பெரிதாக்கிப் பேனாவில் வரைந்தேன்.

பெரிதாக்கி வரைந்தபோதுதான் பார்த்தேன், இதில் வளைவே கிடையாது. ஒவ்வொன்றும் அரிசி அளவுக்குச் சின்ன நேர்வெட்டு. அதை வரிசையாகத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சுழியை உண்டாக்கியிருக்கிறார். தாத்தாவின் ணா-வில் முதல் சுழி ஏழு வெட்டு, இரண்டாவது ஆறு, மூன்றாவது மறுபடி ஏழு. 84-ஆம் வருஷக் குடத்தில் இருக்கும் லை-யை 22 வெட்டில் முடித்திருக்கிறார். தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாளில் வெள்ளையாகத் தாத்தா பெயர் எழும்புவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டார், நகராமல் இருக்க.

எழுத்தாணி:
22 வெட்டு என்று எண்ணினாய் பார், அதுதான் வேலை. இனி உன் டிசைன் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே நீளமுள்ள சின்ன வெட்டு, அது ஒன்றை மட்டும் வைத்து 13 எழுத்தையும் கட்டிப் பார். முதலில் அவர் வெட்டியபடியே, அப்புறம் குறைத்துக்கொண்டே போ. 22, 18, 14. எந்த இடத்தில் லை வாசிக்க முடியாமல் போகிறது? உன் கண்ணை நம்பாதே, உனக்கு விடை தெரியும். வீட்டில் இருப்பவர்களிடம் காட்டு, வயதானவர்களிடமும் சின்னப் பிள்ளைகளிடமும். யார் என்ன வாசித்தார்கள் என்று பக்கத்திலேயே எழுது.

கட்டம் போட்ட தாளில் தொடங்காதே. கட்டம் உன்னை நேர்கோட்டுக்கு இழுத்துவிடும். வெட்டுகிறவர் கட்டம் போடவில்லை, உளியைத் திருப்பினார்.

டேப்லெட்கை:
முன்னால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படி எடுத்த பக்கத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. திரையில் வேலை தொடங்கினால் ஒன்று மட்டும் செய்: வெட்டை ஒரே சிம்பலாக வைத்துக்கொள். ஒன்றின் முனையை மாற்றினால் 13 எழுத்திலும் மாறும், மணிக்கணக்கில் மிச்சம். ஆனால் முப்பது பக்கம் தாண்டுகிற வரைக்கும் திரையைத் தொட வேண்டாம். இதை மனசாரச் சொல்கிறேன்.

நெல்பேட்டைக்காரன்:
புத்தக ஆதாரம் கேட்பார்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்). சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது, பழைய இதழ், துண்டறிக்கை, நாடக நோட்டீஸ் எல்லாம் உண்டு. போக முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிலும் பிரின்ட் எடுத்து ஒட்டாதே, தலைப்பெழுத்தை மட்டும் வரை. 1978-க்கு ஐந்து வருஷம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எடு.

வெண்கலக்குடம்:
இன்னொன்றும் பாரும்மா. எழுத்தை மாற்றுவது நமக்குப் புதிதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரு காலத்தில் புள்ளிதான் வித்தியாசம், குறிலுக்குப் புள்ளி. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் குறிலா நெடிலா என்று வாசிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் ஏ-க்குக் கீழே கோடும், ஓ-வுக்குச் சுழியும், நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் கொண்டுவந்தார். ஓலை, உளி, பிரஷ், ஈயம் என்று கருவி மாற மாற எழுத்தும் மாறியிருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது துதிக்கை லை. வேலைக்குச் சேர்ந்தபோது பிள்ளைகளுக்குப் புது லை சொல்லிக்கொடுத்தேன். முதல் வருஷம் கரும்பலகையில் என் கை தானாகப் பழசைப் போட்டுவிடும், பிள்ளைகள் 'டீச்சர், தப்பு' என்று கத்துவார்கள். அழித்துவிட்டு எழுதுவேன். தப்பு இல்லை என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

மைக்கறை:
அம்மா, நீங்கள் கடைசியில் எழுதியதை உங்கள் அனுமதியோடு என் 33-ஆம் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன், பெயர் போடாமல், 'ஓய்வு பெற்ற தமிழாசிரியை' என்று. உங்கள் கையால் ஒரு பழைய லை-யைத் தாளில் எழுதிப் படம் அனுப்ப முடியுமா?

நிலவரம் சொல்கிறேன். லை-யை 22-இலிருந்து 12 வரைக்கும் இறக்கிவிட்டேன். 14 வரை எல்லாரும் வாசித்தார்கள். 12-இல் ஆச்சி மட்டும் வாசித்தார், தம்பி 'இது என்ன, மயிலா?' என்றான். புது லை-யை 16-க்குக் கீழே யாருமே வாசிக்கவில்லை, ஆச்சி உட்பட. எங்கள் வீட்டில் ஐந்து பேரை வைத்துச் சொல்கிறேன், பெரிய முடிவு ஒன்றும் இல்லை. ணா-வில்தான் இன்னும் தகராறு, கீழே சுழிக்கிற வால் 9 வெட்டு கேட்கிறது, குறைத்தால் 'ண' மாதிரி ஆகிவிடுகிறது.

கடைசி டிசைன் ஏ2 போஸ்டர். 13 பழைய எழுத்து, வெட்டுகளால் கட்டியது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது எந்தப் பாத்திரத்திலிருந்து அல்லது பலகையிலிருந்து வந்தது, என்ன வருஷம் என்று சின்னதாக. பித்தளை மஞ்சள் போடலாமா என்று யோசித்தேன், வேண்டாம், பென்சில் கறுப்பும் தாள் வெள்ளையும் போதும். படியெடுத்தபோது அப்படித்தான் தெரிந்தது. ஒரு பிரச்சினை, றொ, ணொ இரண்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. பாத்திரத்தில் யார் பெயரில் அது வரும்?

எழுத்தாணி:
வராது, அந்த எழுத்துகள் புழக்கத்திலேயே குறைவு. அந்த இரண்டு இடத்தையும் காலியாக விடு, ஓரக்குறிப்பில் 'கிடைக்கவில்லை' என்று போடு. நீயாக ஊகித்து வரைந்து மற்றவற்றோடு கலக்காதே. வரைந்தே தீர வேண்டுமென்றால் கோட்டுருவமாக மட்டும், மற்றதிலிருந்து பிரித்துக் காட்டு.

கோடும்புள்ளியும்:
ஆமாம், காலியாக விடு. வைவாவில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள், உனக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஒட்டிய அந்த முதல் 16 பக்கத்தைக் கிழித்துவிடாதே. நோட்டின் முன்னால் அப்படியே இருக்கட்டும்.

மைக்கறை:
இரண்டாவது ரிவ்யூ இன்று முடிந்தது. மேடம் முதல் 16 பக்கத்தை வேகமாகப் புரட்டினார்கள். தாம்பாளப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்கள். விரலால் தாளைத் தடவிப் பார்த்து, "இது அச்சா, தேய்த்ததா?" என்றார்கள். அப்புறம் தங்கள் வீட்டிலும் ஒரு குடம் இருக்கிறது, அம்மாவுடையது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை என்றார்கள். மதிப்பெண் இன்னும் போடவில்லை. இரண்டு திருத்தம் சொன்னார்கள்: ஓரக்குறிப்பின் எழுத்து மிகச் சிறியது, ணா-வின் வால் மற்றவற்றைவிடக் கனமாகத் தெரிகிறது. இரண்டும் உண்மை.

பெயின்டர்மகன் அண்ணா, அப்பாவின் இழுப்பு வரிசையை உங்கள் கையால் ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன் என்று தனிச்செய்தியில் சொன்னீர்களே, சனிக்கிழமை திண்டுக்கல் வரலாமா? நானும் தம்பியும் வருவோம். காலை பஸ்ஸில் கிளம்பினால் பத்து மணிக்குள் கடையில் இருப்போம்.

பெயின்டர்மகன்:
வாம்மா. பத்துக்கு வேண்டாம், எட்டரைக்கு வந்துவிடு, அதற்கப்புறம் ஃபிளெக்ஸ் வேலைக்கு ஆள் வர ஆரம்பித்துவிடுவார்கள். தகரம் ஒன்றுக்கு நேற்றே பின்னணி அடித்துக் காயவைத்திருக்கிறேன். பச்சை.